உஷ் பாய் வீட்டுப் பேசும் பொட்டி

தருமபுரியில் சத்தத்தின் மேல் தனி ஆளாகப் போர் தொடுத்தவர் என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால், அது உஷ் பாய்தான். காக்காயை மிரட்டியிருக்கிறார். கல்யாண ஊர்வலத்தில் பேண்டு வாசித்தவரின் வாயிலிருந்த குழலைப் பிடித்து நிறுத்தியிருக்கிறார். ஓட்டுக் கேட்டு வந்த ஜீப்பை மறித்து, "அண்ணே, எங்க வூட்டு ஓட்டு உங்களுக்குத்தாங்க, மைக்கை மட்டும் அணைச்சுட்டுப் போங்க" என்று கும்பிட்டிருக்கிறார். அவர்களும் நம்பிப் போனார்கள். அரை மணி கழித்து எதிர்க்கட்சி ஜீப் வந்தது. அவர்களுக்கும் அதே ஓட்டைத்தான் கொடுத்தார்.

அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பஞ்சு மெத்தைக் கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னாலேயே வீடு. மாடியில் ஒற்றை அறை, அதில் நான் வாடகைக்கு இருந்தேன். கூட்டுறவுச் சங்கமொன்றில் குமாஸ்தா உத்தியோகம், கல்யாணம் ஆகவில்லை, ஓட்டல் சாப்பாடு. அந்த அறைக்குப் போகும் படி அவர்கள் கூடத்தின் வழியாகத்தான் ஏறும். அதனால் அந்த வீட்டில் நடந்தது எதுவும் எனக்குத் தெரியாமல் நடக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், நான் குடிபோன புதிதில் அந்தத் தெருவிலேயே அதிகச் சத்தம் வந்தது பாய் வீட்டிலிருந்துதான். உபயம் அவருடைய மனைவி பீவிம்மா. அந்த அம்மாளின் குரலைக் குரல் என்று சொன்னால் போதாது. பின்கட்டில் நின்று அவர் ஒரு அதட்டல் போட்டால் முன்கடையில் பேரம் பேசுகிறவர் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டுப் போவார். பாயைத் திட்டுவதற்கென்றே ஒரு சொல் வைத்திருந்தார். "ஏங்க, பஞ்சுமண்டை!" அதில் 'ஏங்க' மரியாதைக்கு, மற்றது உண்மைக்கு என்று பாயே எனக்கு விளக்கம் சொன்னார். சாவியைத் தொலைத்தால் பஞ்சுமண்டை. கறிக்குப் போய்விட்டுக் கத்தரிக்காயோடு வந்தால் பஞ்சுமண்டை. ஒன்றுமே செய்யாமல் சும்மா உட்கார்ந்திருந்தாலும் பஞ்சுமண்டை. மனிதர் அதைக் கேட்டுக்கொண்டே பஞ்சைக் கொட்டித் தைத்துக்கொண்டிருப்பார். முகத்தில் ஒரு சிரிப்பு இருக்கும்.

பிறகு பீவிம்மாவின் தொண்டையில் கட்டி வந்தது. வெற்றிலையும் புகையிலையும் ஓயாமல் போட்ட வாய். வெளியூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள். உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரலை எடுத்துவிட வேண்டும் என்று சொல்லி, எடுத்துவிட்டார்கள். கழுத்தில் துணி கட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் வந்து இறங்கினார். வாசலில் பாய் பெட்டியைக் கீழே போட்டார், அதற்குள் இருந்த டம்ளர்கள் உருண்டு சாக்கடையில் விழுந்தன. தெருவே அந்த ஒரு சொல்லுக்காகக் காத்து நின்றது. பீவிம்மா வாயைத் திறந்தார், காற்று மட்டும் வந்தது. பாய் அந்தச் சாக்கடையிலேயே குந்தி அழுதார்.

எழுதிக் காட்டலாமே என்று கேட்பீர்கள். பீவிம்மா குர்ஆன் ஓதுவார், ஆனால் தமிழ் எழுத்துப் படித்தவரில்லை. கை தட்டிக் கூப்பிடுவார், கோபம் வந்தால் பாத்திரத்தை ஓங்கி வைப்பார். அவ்வளவுதான் அந்த வீட்டின் பேச்சு. கொஞ்ச நாளில் பாத்திரத்தை ஓங்கி வைப்பதையும் நிறுத்திவிட்டார். பாய் என்னிடம் படியில் வைத்துச் சொன்னார். "வூடு கபர்ஸ்தான் கணக்கா இருக்குது தம்பி. அவ திட்டி எத்தனை நாளாச்சு! ஒரே ஒரு தடவ திட்டிட்டான்னா நான் மனுசனாயிருவேன்."

இந்த நேரத்தில்தான் துபாயிலிருந்து பீவிம்மாவின் தம்பி லீவில் வந்தார். கூடவே ஒரு சின்னப் பொட்டி. நோட்டுப் புத்தகம் அளவுதான் இருக்கும், மேலே ரப்பர் பட்டன்கள். "அக்காவுக்கு வாய் கொண்டாந்திருக்கேன் மச்சான்" என்றார். கம்ப்யூட்டர்! வீட்டில் வைத்துக்கொள்ளும் கம்ப்யூட்டர்! டிவியில் மாட்ட வேண்டும், டேப்ரிகார்டரையும் மாட்ட வேண்டும். கேசட்டில் ஒரு புரோகிராம் இருக்கிறது, அதை உள்ளே ஏற்றிவிட்டால் பட்டனில் அடிப்பதைப் பொட்டி வாய்விட்டுப் பேசும். அங்கே யாரோ ஊருக்குப் போகிறவனிடம் பழசாக வாங்கினாராம். எப்படி ஏற்றுவது என்று கேட்டதற்கு, "அது வந்து... படிச்சவங்க யாரையாச்சும் கேளுங்க" என்று சொல்லிவிட்டு லீவு முடிந்து பிளேன் ஏறிவிட்டார்.

படித்தவன் யார்? நான்தான். சேலத்தில் மூன்று மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போயிருந்தேன். அங்கே கம்ப்யூட்டரைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வைத்துக் காட்டினார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு வரிசையில் நின்று பார்த்தோம். மற்றபடி புரோகிராமைப் பேப்பரில் கட்டம் கட்டமாகப் போடச் சொன்னார்கள். இந்த யோக்கியதையோடு நான் பாய் வீட்டுக் கூடத்தில் பொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தேன். எனக்குப் பின்னால் பீவிம்மா கழுத்துத் துணியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கேசட்டை ஓடவிட்டதும் வந்தது ஒரு கீச்சு. அப்பா! தகரத்தை ஆணியால் கிழிக்கிற சத்தம். டிவியின் ஓரத்தில் கோடு கோடாக ஓடியது. ஐந்து நிமிஷம் அது அப்படியே ஓடி முடிந்தால் புரோகிராம் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம். இடையில் ஒரு துளி பிசகினாலும் ஆரம்பத்திலிருந்து மறுபடி. முதல் நாள் பிசகியது. இரண்டாம் நாளும் பிசகியது. மூன்றாம் நாள் கீச்சு ஓடிக்கொண்டிருந்தபோது தெருவில் ஐஸ்காரர் மணியை அடித்தார், டிவியில் 'எரர்' என்று வந்துவிட்டது.

பாய் துள்ளி எழுந்தார். "புடிச்சுட்டேன் தம்பி! பொட்டி காதால கேட்டுக் கேட்டுத்தானே படிக்குது? வெளிச் சத்தம் நடுவுல பூந்துருது!"

அப்படியெல்லாம் இல்லை, ஒயர் வழியாகத்தான் போகிறது என்று நான் தலையால் தண்ணி குடித்துப் பார்த்தேன். கேட்கிறவரா? அன்று சாயங்காலமே தெருமுனைக்குப் போய் உதட்டில் விரலை வைத்து "உஷ்ஷ்!" என்று ஆரம்பித்தவர்தான். பெயரும் அன்றைக்கே நிலைத்துவிட்டது.

வீட்டுக்குள் அதற்கு மேல். ஜன்னலுக்கு ஒரு மெத்தை, கதவுக்கு ஒரு மெத்தை. டேப்ரிகார்டரைச் சுற்றித் தலையணை. அதோடு நின்றாரா? பொட்டிக்கும் சத்தம் கேட்கக்கூடாது என்று இலவம்பஞ்சில் உறை தைத்து மாட்டிவிட்டார். நல்ல தையல், ஓரத்தில் பைப்பிங் வேறு. கொஞ்ச நேரத்தில் பொட்டி காய்ச்சல் கண்டது போல் கொதித்து, டிவியில் தாறுமாறாகப் புள்ளிகளைக் கொட்டிவிட்டு நின்றது. எனக்கு வந்த கோபத்தில், "பாய், அதுக்கு மூச்சு முட்டுது, எடுங்க!" என்று கத்தினேன். அவர் என் வாயைப் பொத்தி, "உஷ்ஷ், சத்தம் போடாதீங்க தம்பி" என்றார்.

அடுத்த சண்டை எதிர்வீட்டு மாவு மில்லோடு. மில்லுக்காரர் நெஞ்சு நிமிர்த்தி நடக்கிற ஆள், பேச்சும் அப்படித்தான் இருக்கும்.

"பாய், ராகி அரைக்க நல்லம்பள்ளியிலருந்து சனம் வந்து குந்தியிருக்குது. உங்க பொட்டி கீச்சுகீச்சுன்னு கத்தறதுக்கு நான் மில்லை நிறுத்தணுங்களா?"

"அஞ்சு நிமிசந்தாங்க."

"ஊர்ல எல்லாரும் அஞ்சு நிமிசம் கேட்டா நான் எப்பங்க அரைக்கறது? உங்களுக்கு என்னா கிறுக்கு புடிச்சிருச்சா?"

தெரு சிரித்தது. நானும்தான் சிரித்தேன். பாய் மட்டும் வேட்டியில் ஒட்டிய மாவைத் தட்டிக்கொண்டு திரும்பி வந்தார்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மில் சத்தத்தால் பொட்டிக்கு ஒரு கெடுதலும் இல்லை. மில் மோட்டார் ஓடும்போதெல்லாம் தெருவில் வோல்டேஜ் இறங்கி, பல்பு மஞ்சளாகி, அதில்தான் பொட்டி தடுமாறியது. காரணத்தைத் தப்பாகப் பிடித்துக்கொண்டு ஆளைச் சரியாகப் பிடித்திருந்தார் பாய்! அவருடைய பழைய டேப்ரிகார்டரில் இன்னொரு கோளாறு. கேசட்டைப் படிக்கிற முனை சாய்ந்திருந்தது. அதன் ஓரத்தில் ஒரு திருகாணி, நான் கீச்சு தெளிவாகக் கேட்கிற வரைக்கும் அதைத் திருகி வைத்தேன். அதற்கப்புறம் பாய் வைத்திருந்த நாகூர்ப் பாட்டுக் கேசட்டெல்லாம் சளி பிடித்த குரலில் பாடின. அவர் அதையும் தலையாட்டிக் கேட்டார்.

மில் ஓடாத ஒரு வெள்ளிக்கிழமை கீச்சு தடங்கல் இல்லாமல் கடைசிவரை ஓடியது. டிவியில் ஒரு வரி வந்தது. படித்துப் பார்த்தேன். மெமரி போதாதாம்! கேசட் பெரிய பொட்டிக்காக எழுதியது. எங்களிடம் இருந்தது அதே ஜாதியில் சின்னப் பொட்டி. ஆறுபடி அரிசியைப் போட்டுப் பொங்க ரெண்டுபடிப் பானையைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார் துபாய் மச்சான்.

"ஞாபகம் பத்தலைங்குதா? வல்லாரைக் கீரை கிடைக்குது தம்பி" என்றார் பாய். சிரிக்கவைக்கத்தான் சொன்னார், பீவிம்மாவைப் பார்த்துக்கொண்டு. பீவிம்மாவும் வாய்விட்டுச் சிரிப்பது போல் தோளைக் குலுக்கினார். அப்போதுதான் கவனித்தேன், ஜாக்கெட்டின் தோள்பக்கம் தொளதொளவென்று தொங்கியது.

பின்னால் மாட்டுகிற மெமரிப் பெட்டி ஒன்று கேட்டு மச்சானுக்கு எழுதினோம். அது வருவதற்குள் மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தார்கள். இந்தத் தடவை கட்டி நெஞ்சுப் பக்கம் இறங்கியிருந்தது. கத்தி வைக்க ஒன்றுமில்லை, வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். அன்றைக்கு மாலை மில்லுக்காரர் தானாக வந்தார். வாசலிலேயே நின்றார்.

"பாய், எப்பப்ப நிறுத்தணும்னு ஆளு வுட்டுச் சொல்லியனுப்புங்க. அம்மா பேசறதுக்குன்னு எனக்குத் தெரியாதுங்க. நான் ஏதோ சினிமாப் பாட்டுன்னு நெனச்சேன்."

மெமரிப் பெட்டி ஒருவழியாக வந்தது. ஆனால் பீவிம்மாவுக்கு இங்கிலீஷ் பட்டன்களைக் கற்றுக்கொடுக்க நேரமில்லை. அதனால் நான் எனக்குத் தெரிந்த கட்டத்தையெல்லாம் போட்டுப் பார்த்து, ஒரு பட்டனை அமுக்கினால் ஒரு பேச்சு வருகிற மாதிரி சின்னதாக ஒரு புரோகிராம் எழுதினேன். எந்தப் பட்டன் எதற்கு? அதற்கு வழி பாய் கண்டுபிடித்தார். கடையிலிருந்து மெத்தைத் துணித் துண்டுகளை அள்ளிவந்து பட்டன் அளவுக்கு வெட்டி ஒட்டினார். நீலக்கோடு போட்டது தண்ணி. பூப்போட்டது மருந்து. பச்சை, கதவைச் சாத்து. கடைசியாக நடுவில் நல்ல சிவப்பு சாட்டின், மாப்பிள்ளை மெத்தைக்குப் போடுவது. அதற்கு என்ன பேச்சு என்று நான் கேட்கவே இல்லை.

பாய் கடைக்குப் போனதும் பீவிம்மா கை தட்டி என்னைக் கூப்பிட்டார். துணித் துண்டுகளைக் கிளறி, ஒரு துண்டு வெள்ளைத் துணியை எடுத்து ஓரப் பட்டன் மேல் வைத்தார். கடைப் பக்கம் கையைக் காட்டினார். பிறகு விரல்களைக் குவித்து வாய்க்குக் கொண்டுபோய், கையை விரித்துக் காட்டினார்.

"சாப்டீங்களான்னு கேக்கணுங்களா?"

தலையாட்டினார். அப்புறம் உதட்டில் விரலை வைத்தார். புருஷனிடம் கற்ற அதே உஷ்.

ஏற்றிய நாள் மத்தியானம். மில் நின்றது. ஐஸ்காரர் மணிக்குள் துணியை அடைத்துக்கொண்டு நின்றார். தெருவில் இருந்த ஒவ்வொருவரும் எங்கள் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொட்டியின் சத்தம் ரொம்பச் சின்னது என்று பாய் கல்யாண மைக்செட் ஒன்றை வாடகைக்குப் பிடித்து இணைத்திருந்தார். ஊரெல்லாம் மைக்கை நிறுத்திய மனிதர்! கீச்சு ஓடி முடிந்தது. திரையில் தயார் என்று வந்தது.

பீவிம்மா நீலக்கோட்டை அமுக்கினார். மூக்கடைத்த வெள்ளைக்காரர் ஒருவர் "தாண்ணீ" என்றார். பாய் ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். பச்சையை அமுக்கினார், ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார். பூவை அமுக்கினார், மருந்து வந்தது. மறுபடி தண்ணீர். மறுபடி கதவு. ஏற்கெனவே சாத்திய கதவைத் திறந்து சாத்தினார் பாய். வியர்த்துக் கொட்டியது.

"ஏ புள்ள, அத அமுக்கு புள்ள. செவப்ப அமுக்கு."

பீவிம்மா அவரை மேலும் கீழும் பார்த்தார். நிதானமாகச் சிவப்பை அமுக்கினார்.

"ஏங்க, பாஞ்சூமாண்டே!"

மைக்செட் அதைத் தெருமுனை வரை கொண்டுபோனது. தெருவே கொல்லென்று சிரித்தது. மில்லுக்காரர் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பாய் தரையில் உட்கார்ந்து, "இன்னொருக்கா, இன்னொருக்கா" என்று பிள்ளை மாதிரி கேட்டார். அந்த அம்மாளும் சலிக்காமல் அமுக்கிக்கொண்டே இருந்தார். பிறகு கரண்ட் போனது. கரண்ட் போனால் ஏற்றியதெல்லாம் போய்விடும், பொட்டிக்கு ஒன்றும் நினைவிருக்காது. பரவாயில்லை, மறுபடி ஏற்றினோம். தினமும் ஏற்றினோம். தெருவும் தினமும் அந்த நேரத்துக்கு வாயைப் பொத்தியது.

வெள்ளைப் பட்டனைப் பீவிம்மா தொடவே இல்லை. நான் அதை மறந்தும் போனேன்.

ஒரு நாள் மாலை நான் ஆபீஸ் விட்டு வந்தபோது பொட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. பீவிம்மாவால் உட்கார முடியவில்லை. பாய் அவருடைய கையைத் தூக்கிப் பட்டன்கள் மேல் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார். "திட்டு புள்ள, காலையிலருந்து திட்டவே இல்ல நீ." விரல் சிவப்பைத் தாண்டி ஊர்ந்து போய் ஓரத்தில் நின்றது.

"சாப்டீங்களா?" என்றது பொட்டி.

பாய்க்கு முகம் வெளுத்துவிட்டது. என்னைத் திரும்பிப் பார்த்தார். "தம்பி, இவ மரியாதையாப் பேசறா. கல்யாணம் கட்டுனதுலருந்து இப்டிக் கேட்டதில்ல தம்பி. ஓடிப்போயி டாக்டரக் கூட்டியாங்க, வண்டி பாருங்க!"

நான் வாசல் பக்கம் திரும்பினேன். பீவிம்மா விடவில்லை, பதில் வரவில்லையே. மறுபடி அமுக்கினார். "சாப்டீங்களா?"

"சாப்ட்டேன் புள்ள. வயிறு ரொம்பச் சாப்ட்டேன்" என்றார் பாய்.

ஓட்டல் பையன் காலையில் கொண்டுவந்து வைத்த இட்லிப் பொட்டலம் அலமாரியில் கட்டுப் பிரிக்காமல் இருந்தது. கட்டிலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். பீவிம்மா அதைப் பார்த்தார். பாயைப் பார்த்தார். விரல் மெதுவாகத் திரும்பி வந்தது, சிவப்புக்கு.

"ஏங்க, பாஞ்சூமாண்டே."

பாய் சிரித்தார். சத்தமாக, அழுதுகொண்டே சிரித்தார். நான் டாக்டரோடு திரும்பி வந்தபோது அந்தக் கை பட்டன்கள் மேல் அப்படியே இருந்தது. பாய் அதை எடுக்கவிடவில்லை.

பீவிம்மாவின் மையத்தை அடக்கத்துக்கு எடுத்துப்போன பிறகும் பொட்டி ஓடிக்கொண்டிருந்தது. அணைக்க அவருக்கு மனசில்லை, எனக்கும்தான். மறுநாள் மத்தியானம் வழக்கம்போல் கரண்ட் போனது. திரும்பி வந்தபோது டிவியில் ஒன்றுமில்லை.

"பாய், மறுபடி ஏத்தட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம் தம்பி. அமுக்கறதுக்கு ஆளு வேணுமில்ல."

எழுந்து மில் வாசலுக்குப் போனார். மில் நின்றிருந்தது, வெளியே ராகியோடு சனம் சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. "ஓட்டுங்க கவுண்டரே. இனி யாருக்கும் இடைஞ்சல் இல்ல" என்றார். மில்லுக்காரர் சுவிட்சில் கை வைத்தார், போடவில்லை. அன்று முழுக்க அவர் மில்லை ஓட்டவில்லை. ராகியோடு வந்தவர்களும் ஏனென்று கேட்காமல் போனார்கள்.

கொஞ்ச நாளில் எனக்கு மாற்றல் வந்து தருமபுரியை விட்டேன். பாயும் இப்போது இல்லை. இப்போது என் வீட்டில் பேரப்பிள்ளைகள் கம்ப்யூட்டரில் எதையெதையோ ஏற்றுகிறார்கள், கீச்சும் இல்லை, கோடும் இல்லை. தெருவில் மேளமே அடித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது, தெரியும். ஆனாலும் ஏற்றும்போது திரையில் அந்தப் பச்சைப் பட்டை நகர ஆரம்பித்ததும் நான் எழுந்துபோய் மிக்ஸியை நிறுத்திவிடுகிறேன். என்னங்க இது கிறுக்கு என்று என் மனைவி சத்தம் போடுவாள். அவள் திட்டி முடிக்கிற வரைக்கும் நின்று கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.